ஒடுக்கு விழுந்த கேப்டன்

மே மாதத்து முதல் சனிக்கிழமை காலையில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினால் எனக்கு விஷயம் புரிந்துவிடும். தலையில் நங்கூரப் படம் போட்ட தொப்பி, வெளியே ஐந்து டிகிரி குளிரில் அரை டிரவுசர், கக்கத்தில் நீல ஃபைல்.

"படகைப் பார்க்கப் போறேன். நீங்களும் வாங்க, சாட்சி வேணும்."

மினசோட்டாவில் எனக்குப் பிழைப்பு கம்ப்யூட்டர். உத்தியோகம் சாட்சி.

இவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொல்லவும் தேவையில்லை, ஏரிக்கு ஏரி இவர் இருக்கிறார். வண்டி நம்பர் பிளேட்டிலேயே 'பத்தாயிரம் ஏரிகள்' என்று போட்டுக்கொள்ளும் மாநிலம் இது. பத்து ஏக்கருக்கு மேற்பட்டவற்றை மட்டும் எண்ணினாலே 11,842 தேறுகிறது. பெருமையைக் குறைத்துச் சொல்லும் ஒரே அரசாங்கம் இதுதான் என்று நினைக்கிறேன். ஏரிக்கு ஒருவர் என்றாலும் எத்தனை கேப்டன்கள்! கேப்டன் என்றதும் புயலையும் நடுக்கடலையும் நினைக்க வேண்டாம். எங்கள் ஏரியின் இந்தக் கரையில் நின்றால், எதிர்க்கரையில் யார் வீட்டில் கோழி வாட்டுகிறார்கள் என்பதை மூக்கே சொல்லிவிடும்.

அவர் ஓட்டுவது பான்டூன் படகு. இரண்டு பெரிய அலுமினியக் குழாய்கள், மேலே பலகைத் தரை, சுற்றிலும் கம்பித் தடுப்பு, சோபா, தலைக்கு மேல் துணிக்கூரை, பின்னால் ஒரு மோட்டார். நம் ஊர் வீட்டுத் திண்ணையைப் பெயர்த்துக் குழாய் மேல் வைத்தால் எப்படியோ அப்படி. அதில் உட்கார்ந்து வம்பு பேசிக்கொண்டே போகலாம். போய்ச் சேர வேண்டிய இடம் என்று எதுவும் கிடையாது. இதைப் பிரபலப்படுத்தியவரும் இந்த மாநிலத்து விவசாயிதான்: ரிச்மண்ட் என்ற சிற்றூரின் ஆம்ப்ரோஸ் வீரஸ். 1950களின் தொடக்கத்தில் இரும்புப் பீப்பாய்களை வரிசையாக இணைத்து, மேலே மரத்தளம் போட்டு மிதக்கவிட்டார். இன்றைக்கு அந்தத் திண்ணையின் விலை பல்லாயிரம் டாலரில் ஆரம்பித்து லட்சத்தைத் தாண்டுகிறது.

ஒருமுறை கேப்டனிடம், "இங்கிலீஷில் கேட்டமரான் என்கிறீர்களே, அது எங்கள் கட்டுமரம்தான்" என்று பெருமையடித்தேன். "குளிர்காலத்தில் அதை எங்கே நிறுத்துவார்கள்?" என்று கேட்டார். கரையில் இழுத்துப் போட்டு, கயிற்றை அவிழ்த்து, கட்டைகளைக் காயவைத்துவிடுவார்கள் என்றேன். கொஞ்ச நேரம் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார். "கொடுத்துவைத்தவர்கள்" என்றார்.

அந்தப் பெருமூச்சுக்குக் காரணம் மெரினா. இங்கே மெரினா என்றால் மணலும் சுண்டலும் இல்லை. கோடையில் படகைக் கட்டிவைக்க இடம் கொடுத்து, ஏரி உறைவதற்குள் படகைத் தூக்கிக் கொட்டகையில் அடுக்கி, இரண்டுக்கும் தனித்தனியே பணம் வாங்கும் இடம். அக்டோபரில் உள்ளே போன படகு மே மாதம்தான் வெளியே வரும். கணக்குப் பார்த்தால் கேப்டனிடம் இருப்பதைவிட மெரினாவிடம்தான் அது அதிக நாள் இருக்கிறது. கேப்டன் அதற்குக் கடன் கட்டுகிறார், அவ்வளவுதான் உறவு.

இந்தக் குளிர்கால வாசத்தில் ஒரு படகுக்கு என்னென்ன நேரலாம் என்பதில் கேப்டன் டாக்டர் பட்டமே வாங்கலாம். மோட்டாரின் கீழ்ப்பெட்டியில் கியர் எண்ணெயோடு தண்ணீர் கலந்திருந்து, அதை வடிக்காமல் விட்டால், உறையும்போது தண்ணீர் ஒன்பது சதவீதம் பெருத்து வார்ப்பையே பிளந்துவிடும். படகைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக் உறை போட்டு, காஸ் துப்பாக்கியால் சூடு காட்டி இறுக்கும்போது கை சற்று நின்றால் சோபா அப்பளம் மாதிரி சுருளும். பிறகு எலி. சோபாப் பஞ்சுக்குள் ஒரு குடும்பம் ஆறு மாதம் வாடகையில்லாமல் இருந்து பெருகியிருக்கும். எலி கேப்டன் வீட்டிலிருந்தே படகில் வந்ததா, மெரினாக் கொட்டகையில் வந்து ஏறியதா என்று ஒரு வருஷம் முழுக்க வழக்கு நடந்தது. எலியின் பூர்வீகத்தை யாராலும் நிரூபிக்க முடியவில்லை.

ஆனால் இதற்கெல்லாம் ராஜா ஒடுக்கு.

ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் இரண்டு இரும்பு நாக்குகளும் படகுக்கு அடியில் நேராகப் போக வேண்டும். ஓட்டுகிற பையன் அந்த நேரம் காப்பியை நினைத்துவிட்டால் நாக்கு குழாயில் முட்டும். இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் அலுமினியம், எத்தனை தாங்கும்? எவர்சில்வர் குடத்தில் ஒடுக்கு விழுந்தால் உள்ளே கையை விட்டுத் தட்டி எடுத்துவிடலாம். பான்டூன் குழாய்க்கு வாயே கிடையாது. ஓட்டை விழுந்தாலும் படகு மூழ்கக் கூடாது என்று உள்ளே அறை அறையாகத் தடுத்து மூடியிருப்பார்கள். மூழ்காது, ஆனால் ஒடுக்கும் போகாது. குழாயையே மாற்று என்பார்கள். அதற்கு ஆகும் செலவைக் கேட்டால் படகையே மூழ்கடித்திருக்கலாமே என்று தோன்றும்.

போன வருஷம் மே மாதம் இடது குழாயின் மூக்கில் ஒடுக்கு விழுந்திருந்தது. உள்ளங்கை அகலம். கேப்டன் மண்டியிட்டு, கல்யாண வீட்டில் சீர்ப் பாத்திரங்களைத் தட்டிப் பார்க்கும் அத்தையைப் போல, விரல் முட்டியால் குழாய் நெடுகத் தட்டிக்கொண்டு வந்தார். டங், டங், டங், டப். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் சாட்சியின் முகத்தை வைத்துக்கொண்டேன்.

மெரினா மேனேஜர் வந்தார். இவரும் ஒரு வகைதான். குரலை உயர்த்தவே மாட்டார். எதைக் காட்டினாலும் முதலில் அரை நிமிஷம் தாடையைச் சொறிவார். பிறகு குனிந்து, ஒரு மெல்லிய விசில். பிறகு அந்த வாக்கியம். டெண்டிஸ்ட்டைத் தவிர பழுது பார்க்கும் எல்லாத் தொழிலுக்கும் அதுவே குலமந்திரம்.

"இது போன வருஷமே இருந்துச்சே, கேப்டன்."

கேப்டன் இதற்காகத்தான் ஏழு மாதம் காத்திருந்தார். நீல ஃபைலைத் திறந்தார். அக்டோபரில் படகை ஒப்படைத்த அன்று எடுத்த அறுபத்து மூன்று போட்டோக்கள், தேதியோடு. மோட்டார், சோபா, கூரை, வலது குழாய், இடது குழாய். மேனேஜர் ஒவ்வொன்றாக நிதானமாகப் புரட்டினார். இடது குழாயின் மூக்கு வருகிற போட்டோ ஒன்றே ஒன்றுதான். அதில் மூக்குக்கு நேர் முன்னால், ஒடுக்கு இருந்திருக்கக்கூடிய ஒவ்வொரு அங்குல இடத்தையும் மறைத்துக்கொண்டு, நாக்கைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தது கேப்டனின் நாய்.

"நல்ல நாய்" என்றார் மேனேஜர்.

போட்டோ எடுத்தது நான். கேப்டன் அதைச் சொல்லிக் காட்டவில்லை. நல்ல மனுஷர். ஆனால் வீடு வரைக்கும் காரில் ரேடியோ போடவில்லை.

அதற்கப்புறம் ஒரு மாதம் அவர் சட்டம் படித்தார். ஒப்பந்தத்தின் பின்பக்கம், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், தீ, திருட்டு, காற்று, பனி, எலி எதற்கும் மெரினா பொறுப்பல்ல என்று இருந்தது. எட்டு வருஷமாகக் கையெழுத்துப் போட்டுவந்த தாளை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் படித்தார். ஆனால் சட்டம் அந்த எறும்புகளோடு நிற்பதில்லை. கோடையில் மெரினா வாடகைக்கு விடுவது வெறும் இடத்தை. படகும் சாவியும் கேப்டனிடமே. குளிர்காலத்தில் சாவியை வாங்கிப் படகைத் தன் கைக்குக் கொண்டுவந்துவிட்டால், அது ஒப்படைக்கப்பட்ட பொருள். அதைக் கவனமாகக் காக்கும் கடமை வந்துவிடுகிறது. நன்றாக வாங்கியதை நசுங்கிய நிலையில் திருப்பிக் கொடுத்தால், 'நான் கவனக்குறைவாக இல்லை' என்று அவர்கள்தான் வாயைத் திறக்க வேண்டும். நம் ஊர் 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்திலும் 148ஆம் பிரிவிலிருந்து இதே சங்கதிதான். அதற்குப் பதிலாகத்தான் நாம் சைக்கிள் ஸ்டாண்ட் வாசலில் 'நிர்வாகம் பொறுப்பல்ல' என்ற போர்டைக் கண்டுபிடித்தோம். மினசோட்டாக்காரர்கள் அதையே பொடி எழுத்தில் போடுகிறார்கள்.

ஆனால் நன்றாக வாங்கினார்கள் என்று முதலில் காட்ட வேண்டுமே. நாய் குறுக்கே உட்கார்ந்திருந்தது.

இன்ஷூரன்ஸ்காரர், முதல் ஆயிரம் டாலர் உங்கள் பை, மீதிக்குப் பேசலாம், அடுத்த வருஷப் பிரீமியத்தைப் பற்றி இப்போது பேச வேண்டாம் என்றார். நாற்பது மைல் தள்ளி இன்னொரு படகுப் பட்டறையில் மதிப்பீடு வாங்கப் போனோம். அங்கிருந்தவர் ஒடுக்கைப் பார்த்து, "யார் வேலை இது?" என்றார். மெரினாவின் பெயரைச் சொன்னதும் அவர் முகத்தில் ஓடிய சந்தோஷத்தை, வேறு சமையல்காரர் வைத்த சாம்பார் தீய்ந்துபோன பந்தியில் மட்டுமே பார்த்திருக்கிறேன். கேட்காமலே ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தார். "என் படகை இங்கே வைக்க இடம் இருக்கிறதா?" என்று கேப்டன் கேட்டார். காத்திருப்போர் பட்டியலைக் காட்டினார். அதில் பேர் போட்டால் பேரன் காலத்தில் இடம் வரும்.

மினசோட்டாவில் சின்னத் தொகை வழக்குகளுக்கு ஒரு கோர்ட் இருக்கிறது. பெயரே சமரச நீதிமன்றம். 2024 ஆகஸ்டிலிருந்து இருபதாயிரம் டாலர் வரை அங்கே வழக்காடலாம். வக்கீல் வைக்காமல் தானே பேசலாம். கேப்டன் பேச்சைத் தயாரித்து, துணிக்கூரைக்கடியில் நின்று எனக்கும் நாய்க்கும் பேசிக் காட்டினார். நன்றாக இருந்தது. நாய் இருக்கிற பகுதியில் மட்டும் சற்றுத் தடுமாறினார்.

கோர்ட்டுக்கு முன்னால் கடைசியாக ஒரு பேச்சுவார்த்தை என்று மெரினாவுக்குப் போனோம். மேனேஜர் அறையில் சுவரில் ஒரு மஞ்சள் கயிறு தொங்குகிறது, படகை இழுத்து வரும் கயிறு. இரண்டு வருஷத்துக்கு முன் ஜூலை நாலாம் தேதி, வாணவேடிக்கை பார்க்க மொத்த ஏரியும் கூடியிருந்த ராத்திரி, கேப்டன் பெட்ரோல் இல்லாமல் நட்ட நடு ஏரியில் நின்றுவிட்டார். மாமியாரும் படகில் இருந்தார். அந்தக் கயிற்றைக் கட்டி, விளக்கைக்கூடப் போடாமல், யாரும் பார்க்காத மாதிரி கரைக்கு இழுத்து வந்தவர் இந்த மேனேஜர். காசு வாங்கவில்லை.

கேப்டன் பேச்சை ஆரம்பித்தார். ஒப்படைப்பு, கடமை, அலுமினியத்தின் கனம். மேனேஜர் தாடையைச் சொறிந்தார். கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை, தற்செயலாகச் சுவரைப் பார்த்தார்.

நம் ஊரில் இதற்குச் சம்பந்தி உறவு என்று பெயர். வாய்க்கு வந்தபடி சண்டை போடலாம், ஆனால் தீபாவளிக்கு வந்தாக வேண்டும்.

அடுத்த குளிர்காலத்துக் கொட்டகை வாடகையில் பாதி தள்ளுபடி, பிளாஸ்டிக் உறை இலவசம் என்று முடிந்தது. குழாய் அப்படியே இருந்தது. வெளியே வந்ததும் கேப்டன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "பார்த்தீங்களா, நாம விட்டுக்கொடுக்கலை" என்றார். அந்த 'நாம' எனக்குப் பிடித்திருந்தது. கோடை முழுக்க வந்த விருந்தாளிகளையெல்லாம் முன்பக்கம் கூட்டிப்போய் ஒடுக்கைக் காட்டினார். ஆகஸ்டுக்குள் அது யுத்தக் காயம் ஆகிவிட்டது.

அக்டோபரில் மறுபடி ஒப்படைக்கப் போனோம். இந்தத் தடவை சாட்சி சும்மா இல்லை. நூற்றுப் பன்னிரண்டு போட்டோ. பழைய ஒடுக்கைச் சுற்றிக் கேப்டன் கறுப்பு மார்க்கரால் வட்டம் போட்டுத் தேதி எழுதியிருந்தார். மேனேஜரும் இப்போது உஷார். தன் செல்போனை எடுத்து எதிர்ப்பக்கத்திலிருந்து எடுக்க ஆரம்பித்தார். அவர் எங்களை எடுக்க, நாங்கள் அவரை எடுக்க, கல்யாண மண்டபத்தில் இரண்டு வீட்டு வீடியோக்காரர்கள் மாதிரி மூக்கருகே வந்து நின்றோம்.

"எடுங்க, எடுங்க" என்றார் கேப்டன் என்னிடம்.

நாய் எழுந்து வந்தது. இரண்டு கேமராவையும் ஒருமுறை பார்த்தது. வட்டத்துக்கு நேர் முன்னால் உட்கார்ந்து நாக்கைத் தொங்கவிட்டது.