ஏழு மணி விருந்து

எத்தியோப்பியா பதின்மூன்று மாதமும் வெயில் காயும் தேசம் என்று வர்ணப் படங்கள் அச்சிட்டு உலகத்தாருக்கெல்லாம் அழைப்பு விடுத்துக்கொண்டிருந்த 1960களில், அவற்றுள் ஒரு படத்தைச் சென்னையிலேயே பார்த்து மகிழ்ந்து, மழைச்சட்டை வாங்க வைத்திருந்த பணத்தில் கறுப்புக் கண்ணாடி வாங்கிக்கொண்டு, நடுவருஷத்தில் விலகிப்போன ஒருவருடைய ஸ்தானத்துக்குக் கணக்கு உபாத்தியாயராக நான் அடிஸ் அபாபாவில் போய் இறங்கினேன். மாதம் பதின்மூன்று என்பதில் பொய் ஒன்றும் இல்லை. முப்பது முப்பது நாளாகப் பன்னிரண்டு மாதமும், மிஞ்சிய ஐந்து நாளுக்கு, லீப் வருஷமானால் ஆறு நாளுக்கு, 'பகுமே' என்று ஒரு குட்டி மாதமும் அவர்கள் பஞ்சாங்கத்தில் உண்டு. (அந்தக் குட்டி மாதத்துக்குச் சம்பளம் உண்டா என்று விசாரித்தேன். இல்லையாம்.) வெயில் விஷயத்தில்தான் சற்றே அதிசயோக்தி. ஜூன் பாதியில் பிடிக்கிற 'கிரெம்த்' என்னும் பெருமழை செப்டம்பர் பாதிவரைக்கும் ஊரை விடுவதில்லை. நான் போய் இறங்கியதோ ஜூன் முதல் வாரம்.

பள்ளிக்கூடத்துக்குத் தகரக் கூரை. அதன்மேல் ஆலங்கட்டியோடு மழை இறங்கும்போது, நான் பிதாகரஸ் தேற்றத்தை நிரூபிக்கிறேனா, திருப்புகழ் பாடுகிறேனா என்பது முதல் வரிசைப் பையனுக்கே விளங்காது. பிள்ளைகள் மிகுந்த மரியாதையோடு தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருப்பார்கள். ஒருவருக்கும் காதில் விழாது என்கிற இந்தச் சௌகரியத்தை உத்தேசித்து, ஒரு நாள் தாய்மொழியில் மனம் விட்டு அவர்களை அர்ச்சனை செய்துகொண்டிருந்தபோது, மழை யாரோ குழாயை மூடினாற்போலச் சட்டென்று நின்றுவிட, "மக்குச் சாம்பிராணிகளா!" என்கிற என் கர்ஜனை மட்டும் நிசப்தத்தில் தனித்து நின்றது. கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் பணிவாக எழுந்து, "சார், அந்தக் கடைசிச் சூத்திரத்தை இன்னொரு தரம் சொன்னால் எழுதிக்கொள்வோம்" என்றான்.

சமையல் சமாசாரத்தை விஸ்தரிக்கவில்லை. அந்த ஊர் ஏறக்குறைய 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பது எந்தப் பௌதிகப் புத்தகமும் சொல்லக்கூடியதுதான். ஊரிலிருந்து கொண்டுபோன துவரம்பருப்பு மத்தியான்னம் முழுவதும் கொதித்தும் கூழாங்கல்லாகவே கிடந்தபோதுதான் புத்தகம் எனக்குப் பிரத்தியட்சமாயிற்று.

இப்படி அரைவயிற்றோடு இருந்தவனை, மாணவன் ஒருவனுடைய தகப்பனார் ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு அழைத்தார். ஏழு மணிக்கு என்று பையன் வந்து சொன்னான். இருட்டியபின் வரும் விருந்துக்கு இடம் விட்டு வைக்கவேண்டும் என்று பகல் போஜனத்தைத் தியாகம் செய்துவிட்டு, ஆறு மணிக்கு வெள்ளைக் கால்சராயும் குடையுமாகப் புறப்பட்டேன். மழை என்னைப் பார்த்ததும் உற்சாகம் அடைந்தது. அந்த ஊர்ச் சேற்றுக்குச் 'சிக்கா' என்று பெயர். கால் வைத்தால் பூட்ஸை வாங்கி வைத்துக்கொள்ளும் குணமுடையது. முதல் தரம் நான் சறுக்கி விழுந்தபோது, தெருவில் நின்றவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் "ஐஸோ!" என்றார்கள். அதை 'ஐயோ' என்று காதில் வாங்கி, முகம் தெரியாத பரதேசிக்காக ஒரு தெருவே துக்கப்படுகிறதே என்று உருகிப்போனேன். தைரியமாயிரு என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று பிற்பாடு தெரிந்தது. நம் ஊரில் வழுக்கி விழுந்தவனுக்கு முதலில் கிடைப்பது சிரிப்பு என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இரண்டாம் தரம் விழுந்தபோது தைரியமாகவே விழுந்தேன்.

சரியாக ஏழு மணிக்கு, ஒரு நிமிஷம் முன்பின் இல்லாமல் போய்க் கதவைத் தட்டியவனை, காவற்காரர் போர்வைக்குள்ளிருந்து ஏதோ பிரேதத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். உள்ளே விருந்தின் அறிகுறி எதுவும் இல்லை. ஆனாலும் வீட்டுக்காரர் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லாமல் என்னை அணைத்து வரவேற்று உட்காரவைத்தார். அம்மாள் அடுப்படிக்கு ஓடினாள். நான் மாமிசம் புசியாதவன் என்று அறிந்து, விரத நாட்களில் அவர்கள் செய்கிற கடலைமாவுக் குழம்பை மீண்டும் சுடவைத்து, தோசைக்கு ஒன்றுவிட்ட தமையன்போலப் புளித்து அகன்ற இஞ்சராவின்மேல் ஊற்றிக் கொண்டுவந்தாள். பையன் என் காதோடு, "சார், ஏழு மணி என்றால் உங்கள் கடிகாரத்துக்குப் பகல் ஒரு மணி. நாங்கள் சூரியன் உதித்ததிலிருந்து எண்ணுவோம். ஐந்து மணிநேரம் காத்திருந்து, இப்போதுதான் நாங்கள் சாப்பிட்டோம்" என்றான்.

என் பாட்டனார் உயிரோடிருந்து அந்த அழைப்பு அவருக்கு வந்திருந்தால், உதயாதி பதினேழரை நாழிகை என்று விரல் மடக்கிப் பார்த்து, இலை போடும் சமயத்துக்குப் போய் உட்கார்ந்திருப்பார். சூரியோதயத்திலிருந்து நாழிகை எண்ணிய வம்சத்தில் பிறந்து, கணக்கிலே பட்டமும் வாங்கிக்கொண்டு, கையில் கட்டிய ஸ்விஸ் கடிகாரத்தை நம்பிப் பேரனாகிய நான் கெட்டேன்.

இதற்குத் தண்டனைபோல் வீட்டு அம்மாள், பெரிய கவளமாக உருட்டித் தம் கையாலேயே என் வாயில் ஊட்டினாள். 'குர்ஷா' என்னும் இந்த உபசாரத்தை மறுப்பது மரியாதை அல்லவாம். வாய் நிறைந்திருந்ததால் மன்னிப்புக் கேட்கும் தொல்லையும் இல்லாமல் போயிற்று. பிறகு காப்பிக்கொட்டையை எதிரிலேயே வறுத்து, இடித்து, மூன்று சுற்றுக் காப்பி. நான் விடைபெறும்போது நம் கணக்கில் பதினொன்று, அவர்கள் கணக்கில் ராத்திரி ஐந்து, மழை விட்டிருந்தது. அதனால்தான் குடை ஞாபகத்துக்கு வரவில்லை. மறுநாள் போய்க் கேட்க வெட்கமாயிருந்தது. மழைக்கு வெட்கம் இல்லை.

வாசகர்களில் யாரையாவது அந்த ஊரில் ஏழு மணிக்குச் சாப்பிட அழைத்தால், தயவுசெய்து பகல் ஒரு மணிக்கே போய்விடுங்கள். போகிற வீட்டுத் தாழ்வாரத்தில், மூங்கில் பிடியும் ஒரு கம்பி ஒடிந்த கறுப்புத் துணியுமாக ஒரு குடை மாட்டியிருந்தால், அது என்னுடையது.