ஹிக்கரிக்காரர்

ஹிக்கரிக்காரர் பனியன் கம்பெனி முதலாளிகளில் ஒரு வகை. சனிக்கிழமை விடியலில் அவிநாசிபாளையம் நால்ரோட்டைத் தாண்டி, தாராபுரம், பழநி வழியாகக் கொடைக்கானலுக்குப் பறக்கும் காரில் நீளமான தோல் பை ஒன்று சாய்ந்திருந்தால் அது அவர்தான். பைக்குள் ஹிக்கரி என்னும் அமெரிக்க மரத்தில் தண்டு போட்ட பழைய கோல்ஃப் மட்டைகள். கோல்ஃப் விதிகளை வகுத்துவந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப்பே 1929இல் எஃகுத் தண்டுக்கு அனுமதி கொடுத்துவிட்டது. ஹிக்கரிக்காரர் இன்னும் கொடுக்கவில்லை. 1930இல் பாபி ஜோன்ஸ் ஒரே ஆண்டில் நான்கு பெரிய பட்டங்களை வென்றது மரத்தண்டில்தான் என்பதை நாலு குழிக்கு ஒருதரம் சொல்லிவிடுவார். கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895இல் தொடங்கியது. "அன்னிக்கு வெள்ளைக்காரன் இங்க இதே மாதிரி மட்டையிலதானுங்க அடிச்சான்" என்பார். அதில் தப்பில்லை.

வேகமாக வீசினால் மரத்தண்டு முறுகும். மட்டையின் முகம் விலகும், பந்து வலப்பக்கம் ஓடிவிடும். நிதானமாக வீசப் பழகியவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. ஹிக்கரிக்காரருக்கோ இதுதான் மூலதனம். பந்து புதருக்குள் போனதும் எல்லோரும் பந்தைத் தேடுவார்கள். அவர் மட்டும் தண்டைக் கண்ணுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடி, நீளவாக்கில் பார்ப்பார். கட்டைவிரலால் நீவுவார். "ஈரம் வாங்கிருச்சுங்க." கீழே செட்டிப்பாளையம் கோல்ஃப் மைதானத்து வெயிலில் அதே மட்டை "காஞ்சு போச்சுங்க." தோற்றால் தோற்றது மரம், ஜெயித்தால், "மரத்துலயே இவ்வளவுன்னா பாத்துக்குங்க." சரி, இதை வைத்து அடியுங்கள் என்று யாராவது எஃகு மட்டையை நீட்டினால் உடனே மணிக்கட்டு வலிக்கும்.

ஸ்காட்லாந்தின் முசல்பரோவில் குதிரைப் பந்தயத் திடலுக்குள்ளேயே ஒன்பது குழி மைதானம் இருக்கிறது. 1874க்கும் 1889க்கும் இடையில் ஆறு முறை ஓப்பன் பட்டப்போட்டி நடந்த இடம். ஹிக்கரி மட்டை வாடகைக்கும் கிடைக்கும். ஆர்டர் தரும் பையரைப் பார்க்கப் போன பயணத்தில் ஒருநாள் அங்கே ஆடிவிட்டு வந்தவரிடம் ஆர்டர் என்ன ஆச்சு என்று கேட்டால், குழியின் நாலேகால் அங்குல அளவு அந்த ஊரில் பிறந்த கதைதான் பதிலாக வரும்.

ஞாயிறு மாலை, போனை அணைத்துவிட்டு, தண்டுகளுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசும்போது மட்டும் நமக்கு அவரைப் பிடித்துப்போகும். அந்த நேரத்தில் யாரிடமும் சத்தம் போடமாட்டார்.

ஆனால் ஐந்து வருஷம் ஓடிய நிட்டிங் மெஷினைப் பழசு என்று எடைக்குப் போடுபவரும் இவரேதான். சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்று 2006இலேயே சட்டம் வந்துவிட்டது. கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பவர்டேபிள்காரர் மூணாவது மாசம் பில்லோடு போய் நின்றால், ஒரு மட்டையைக் கையில் கொடுத்து, "எடை எப்படி இருக்குது, பாருங்க" என்பார். டீ வரும். செக் புதன்கிழமை என்பார். எந்தப் புதன் என்று சொல்லமாட்டார்.