இரண்டே வார்த்தை பேசி அமர்கிறேன்

கல்யாண மண்டபங்களில் வாழ்த்துரை வழங்கும் பெரியவர்களை நாம் உரிய அளவுக்குப் போற்றுவதில்லை. சமையல்காரரைத் தேடிப்போய்ப் பாராட்டுகிறோம். நாதஸ்வரக்காரர் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்துகிறோம். மாலை எந்த ஊரில் கட்டியது என்றுகூட விசாரிக்கிறோம். தாலி ஏறி, அட்சதை விழுந்து, பந்தி தொடங்க வேண்டிய நேரத்தில் மைக்கைப் பிடித்துப் பசித்த கூட்டத்தின் முன்னால் முக்கால் மணி நேரம் தனியாளாக நிற்கிறவருக்கு மட்டும் ஒரு பொன்னாடையோடு நம் நன்றி முடிந்துவிடுகிறது. அவர் செய்வது சின்ன வேலை அல்ல. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஆசை.

முதலில் அவருடைய நினைவாற்றல். அவிநாசிப் பக்கம் ஒரு மண்டபத்தில் நடந்த கல்யாணத்தில் ஒரு பெரியவர் பேசக் கேட்டேன். ‘மேடையில் வீற்றிருக்கும்’ என்று தொடங்கினார். மாவட்டம், ஒன்றியம், பேரூர், வட்டம், அணி, சங்கம் என்று ஒவ்வொருவரையும் பட்டம், பதவி, பெயர் வரிசை பிசகாமல் விளித்தார். முன்னாள் தலைவரின் பெயர் இந்நாள் தலைவருக்கு முன்னால் வந்துவிட்டால் அடுத்த தேர்தல் வரை மனத்தாங்கல் இருக்கும் என்பதை அறிந்த அனுபவசாலி. பாதிப் பேச்சில் ஒரு பிரமுகர் உள்ளே வந்தார். உடனே நிறுத்தி, அவர் நடந்து வந்து கைகூப்பி உட்காரும்வரை வரவேற்று, பிறகு விட்ட சொல்லிலிருந்து பிடித்துக்கொண்டார். துண்டுச் சீட்டு எதுவும் இல்லாமல் இத்தனையும். மணமகள் பெயருக்கு மட்டும்தான் கையில் இருந்த அழைப்பிதழைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. அத்தனை பெயரைச் சுமந்துகொண்டு வந்த மனிதரிடம் இன்னும் ஒரு பெயரைக் கேட்பது பேராசை.

‘இரண்டே வார்த்தை பேசி அமர்கிறேன்’ என்றார். பேச்சு நீண்டபோதும் அந்த உறுதிமொழியை அவர் மறக்கவில்லை. நடுவில் மூன்று நான்கு முறை அதைத் திரும்பச் சொன்னார். ‘நேரத்தின் அருமை கருதி’ என்று ஒரு முறை, ‘இறுதியாக ஒன்றே ஒன்று’ என்று ஒரு முறை, ‘நிறைவாக’ என்று ஒரு முறை. தமிழர் திருமணத்தின் தொன்மையைச் சொன்னார். இந்தி எதிர்ப்புப் போரில் தாம் மாணவராக ஊர்வலம் போனதைச் சொன்னார். தம்முடைய கல்யாணத்துக்கு எந்தத் தலைவர் வந்தார், அன்று எத்தனை கார் நின்றது என்பதைச் சொன்னார். நூல் விலை ஏறியதையும் பனியன் கம்பெனிகள் படும் பாட்டையும் சொன்னார். எல்லாமே உண்மை, எல்லாமே தெரிந்துகொள்ள வேண்டியவை. அந்த மேடையில் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த இருவரைத் தவிர வேறு எதையும் அவர் விட்டுவைத்ததாகத் தெரியவில்லை.

அந்த இருவரும் நன்றாகவே ஒத்துழைத்தார்கள். சம்பங்கியும் ரோஜாவும் சேர்த்துக் கட்டிய கனத்த மாலை. பூவின் ஈரம் இறங்கி, பெண்ணின் பட்டுச்சேலைத் தோளில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கறை பரவியிருந்தது. வீடியோ விளக்கு நேராக முகத்தில் அடித்ததால் மாப்பிள்ளை கண்ணைச் சுருக்கிச் சுருக்கித் திறந்தார். கைதட்டும் இடம் வந்தபோதெல்லாம் இருவரும் நிமிர்ந்து புன்னகைத்தார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் விரித்த வாழையிலைகள் மின்விசிறிக் காற்றில் ஓரம் சுருண்டு கிடந்தன. பெண்ணின் சர்க்கரைக்காரப் பாட்டி மாத்திரையை முன்பே போட்டுவிட்டார். யாரோ ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து அவர் கையில் கொடுத்தார்கள். ஒருவரும் எழுந்து போகவில்லை. சட்டசபையில்கூட ஒருவருக்குக் கிடைக்காத அமைதி அது. நம் மக்கள் பெரியவர்களுக்கு இன்னும் எவ்வளவு மரியாதை வைத்திருக்கிறார்கள் என்பதற்கு அந்த முக்கால் மணி நேரமே சாட்சி.

அவருடைய தாராள மனதை அறிவுரைப் பகுதியில் கண்டேன். பெண்ணுக்கு ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் வழங்கினார். புகுந்த வீட்டைப் பிறந்த வீடாக நினைக்க வேண்டும், மாமியாரைத் தாயாகக் கொள்ள வேண்டும், விடியுமுன் எழ வேண்டும், பொறுத்துப் போக வேண்டும், வரவறிந்து செலவு செய்ய வேண்டும். மாப்பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. சொல்லித்தர வேண்டிய குறை எதுவும் அவரிடம் இல்லை என்று முதல் சந்திப்பிலேயே கண்டுகொள்ளும் கூர்மை எல்லோருக்கும் வாய்க்காது. அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். அரசு மருத்துவமனையில் பிரசவ வார்டு நர்ஸ். இரவுப் பணி முடித்து, முதல் பஸ் பிடித்து வீடு வந்து, அப்பாவுக்குச் சமைத்து வைத்துவிட்டுத்தான் தூங்குவாள். விடியுமுன் எழுவதைப் பற்றி அவளுக்கும் ஒருவர் எடுத்துச் சொன்னார் என்பதில் என்ன நஷ்டம்?

இந்த மரபு வந்த வழியையும் சொன்னால்தான் பெரியவரின் சாதனை முழுதாகப் புரியும். 1928இல் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் புரோகிதர் இல்லாமல் நடந்த கல்யாணத்தைத்தான் சுயமரியாதைத் திருமணங்களின் தொடக்கமாகச் சொல்வார்கள். அத்தகைய மேடைகளில் பேச்சு நீண்டது. நீள வேண்டிய தேவையும் இருந்தது. ஐயர் இல்லை, அக்னி இல்லை, மந்திரம் இல்லை. இது கல்யாணம்தானா என்று முகம் சுளித்தபடி வந்து நின்ற சொந்தக்காரர்கள் எதிரே இருந்தார்கள். இது கல்யாணம்தான், இந்தப் பெண்ணுக்கும் இதில் சரிபாதி உண்டு என்று அவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னவரை ஊர் ஏசியது. 1950களில் நீதிமன்றமும் இப்படிப்பட்ட ஒரு கல்யாணம் சட்டப்படி செல்லாது என்றது. அண்ணா முதல்வரானதும் 1967இல் இந்து திருமணச் சட்டத்துக்குத் தமிழ்நாட்டுத் திருத்தம் வந்தது. 7அ என்ற பிரிவு சேர்ந்தது. அதற்கு முன்பு நடந்த அத்தனை சுயமரியாதைக் கல்யாணங்களும் அதன் மூலம் செல்லுபடியாயின.

அந்தப் பிரிவைப் படித்துப் பாருங்கள், மனம் நெகிழும். உறவினரோ நண்பரோ வேறு யாரோ முன்னிலையில், தங்களுக்குப் புரியும் மொழியில், நான் இவரை மனைவியாக ஏற்கிறேன், நான் இவரைக் கணவராக ஏற்கிறேன் என்று இருவரும் ஒருவருக்கொருவர் சொன்னால் போதும். மாலை மாற்றினாலும் போதும். மோதிரம் அணிவித்தாலும் போதும். தாலி கட்டினாலும் போதும். இத்தகைய மணத்துக்குப் பெருங்கூட்டமும் பொது அறிவிப்பும் கட்டாயம் இல்லை என்று 2023இல் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கிவிட்டது. ஆக, ஒரு கல்யாணத்துக்குச் சட்டம் கேட்கும் பேச்சு ஆளுக்கு ஒரு வாக்கியம். அதையும் பேச வேண்டியவர்கள் மணமக்கள். இவ்வளவு சிக்கனமான சட்டத்தைப் பெற்றுத் தந்த இயக்கத்தின் மேடையிலிருந்தே முக்கால் மணி நேர வாழ்த்துரையையும் வளர்த்தெடுத்திருக்கிறோம். வாதாட வேண்டிய எதிர்ப்பாளர் மண்டபத்தில் ஒருவரும் இல்லாத நாளிலும் அந்த நீளத்தைக் குறையாமல் காப்பாற்றி வருகிறார்கள் நம் பெரியவர்கள். பேச்சுக்கு உயிராக இருந்த துணிச்சல் மட்டும் வழியில் எங்கோ தங்கிவிட்டது. பெண்ணுக்குச் சரிபாதி என்ற பேச்சு, பொறுத்துப் போ என்ற பேச்சாக முதிர்ந்திருக்கிறது.

வாழ்த்துமடல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நண்பர்கள் சேர்ந்து அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, மேடையில் வாசித்துக் கொடுப்பார்களே, அவை. எதுகையும் மோனையும் பிசகாது. வானமும் நிலவும், மலரும் மணமும், நகமும் சதையும் தவறாமல் வரும். பெயர் இரண்டையும் மாற்றினால் யாருக்கும் பொருந்தும். அன்று அந்த மணமக்களுக்குக் கிடைத்த மடல்கள் ஒரு சுவரை நிறைக்கும்.

இனி ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். அதே மேடையில் அன்று எல்லாம் முடிந்து கூட்டம் எழுந்தபோது, மாப்பிள்ளை வேலை பார்க்கும் லேத் பட்டறைக்காரரை யாரோ கையைப் பிடித்து இழுத்து வந்து மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். அவருக்கு மேடை இலக்கணம் ஒன்றும் தெரியவில்லை. வீற்றிருந்தவர்களில் ஒருவரையும் விளிக்கவில்லை. தம் பட்டறையின் பெயரைச் சொல்லவில்லை. மைக்கை நெஞ்சுக்கு நேரே பிடித்ததால் பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. சாப்பிடப் போனவர்கள் திரும்பி முன்னால் வந்து நிற்க வேண்டியதாயிற்று. சபையைப் பார்த்துப் பேசவும் இல்லை. அந்தப் பெண்ணைப் பார்த்துத்தான் பேசினார்.

“கண்ணு, இவன் எம்பட பட்டறைல எட்டு வருசமா இருக்கறான். ஒரு நாள் ஒரு பையன் கை மிசின்ல மாட்டிக்கிச்சு. நாங்கெல்லாம் கத்திட்டு நின்னோம். இவன்தான் ஓடிப்போயி மெயின ஆப் பண்ணுனான். அப்பறம் அந்தப் பையன் வேலைக்கு வர்ற வரைக்கும் சனிக்கெழமையானா இவன் சம்பளத்துல ஒரு பங்கு அவன் வூட்டுக்குப் போயிருக்குது. எனக்கே பின்னாடிதான் தெரியும். டேய், இந்தப் புள்ள ராத்திரி வேலைக்குப் போயிட்டு வர்றது. வந்தா தூங்க வுடு. சோத்த நீ ஆக்கு. நல்லா இருங்க சாமி ரெண்டு பேரும்.”

அவ்வளவுதான். மைக்கை நாற்காலி மேல் வைத்துவிட்டு இறங்கிவிட்டார். வீடியோக்காரர் கேமராவைத் திருப்புவதற்குள் முடிந்துவிட்டதால் கல்யாணப் படத்தில் அவர் இல்லை. பொன்னாடை எடுத்து வருவதற்குள் ஆள் கைகழுவும் இடத்துக்குப் போயிருந்தார். மாப்பிள்ளையின் அம்மாவுக்கே அந்தச் சனிக்கிழமைக் கதை புதுச் செய்தி. அவர் மகனைத் திரும்பிப் பார்த்தார். பெண் அதுவரை நேராக வைத்திருந்த முகத்தைக் கீழே கவிழ்த்துக்கொண்டாள். அவள் அழுதது மை கலைந்ததில் தெரிந்தது. இப்படி முன்னேற்பாடே இல்லாமல் மணமகளின் ஒப்பனையைக் கெடுக்கிற பேச்சைப் பெரியவர் ஒரு நாளும் பேசியிருக்க மாட்டார்.

அகநானூற்றின் 86ஆம் பாட்டில் நல்லாவூர் கிழார் ஒரு கல்யாணத்தைக் காட்டுகிறார். உளுந்து சேர்த்து ஆக்கிய சோறு, மணல் பரப்பிய பந்தல், விளக்கு, மாலை, விடியும் நேரம். பிள்ளை பெற்ற பெண்கள் நால்வர் கூடிப் பூவும் நெல்லும் கலந்த நீரால் மணமகளை நீராட்டுகிறார்கள். உன்னை மனைவியாகப் பெற்றவன் உன்மேல் பிரியமாக இருக்கும்படி வாழ் என்பதுபோல ஒரு வாழ்த்து. பிறகு சுற்றத்தார் விரைந்து வந்து, பெரிய வீட்டுக்கு உரியவளாகு என்று சொல்லிக் கையளிக்கிறார்கள். இரண்டு வாழ்த்தும் சேர்ந்து ஒரு மூச்சில் அடங்கும். அவளை நீராட்டிய கைகளே அவளை வாழ்த்தின. பேசுவதற்கென்று தனியாக ஒருவரை வெளியூரிலிருந்து அழைக்கத் தெரியாத காலம்.

பட்டறைக்காரர் பேசியதை ஓர் அஞ்சலட்டையில் எழுதிவிடலாம். அப்படி ஒன்றை எழுத என்ன வேண்டும் என்று பிறகு யோசித்தேன். இருவரில் ஒருவரையாவது கிட்டத்தில் இருந்து பார்த்திருக்க வேண்டும். பார்த்ததில் மற்றவருக்குத் தெரியாத ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். நல்லவன், வல்லவன், பண்பாளன் என்று அடுக்காமல், அவன் ஒரு நாள் என்ன செய்தான் என்பதைச் சொல்ல வேண்டும். சபையை விட்டுவிட்டு அவர்களைப் பார்த்துச் சொல்ல வேண்டும். தாளில் எழுதி, வீட்டில் ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்து, தம்மைப் பற்றி வருகிற வரிகளை அடித்துவிட வேண்டும். பெரும்பாலோருக்குப் பேச்சு பாதியாகக் குறைவது அங்கேதான். ‘நல்லா இருங்க’ என்று சொன்னதும் மைக்கை வைத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு நினைவுக்கு வருவதைச் சாப்பிடும்போது பக்கத்து இலைக்காரரிடம் சொல்லிக்கொள்ளலாம்.

நம் பெரியவருக்கு வருகிற முகூர்த்தங்களுக்கும் தேதி நிரம்பிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். மகிழ்ச்சி. அவருக்கு உடல்நலம் நீடிக்க வேண்டும். அவர் பேச வேண்டிய மாநாடுகளும் பொதுக்கூட்டங்களும் நிறைய இருக்கின்றன, அங்கே கேட்பவர்கள் சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். கல்யாண வீட்டாரிடம் எனக்கு வேறு ஒரு வேண்டுகோள். அழைப்பிதழில் ‘வாழ்த்துரை’ என்ற தலைப்பின் கீழ் இரண்டு பக்கத்துக்குப் பெயர் போடுகிறீர்கள். அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் மணமக்களிடம் அந்தப் பட்டியலைக் காட்டி, இதில் உங்களுக்குத் தெரிந்தவர் யார் என்று கேளுங்கள். தெரியாத பெயரில் நான்கை எடுத்துவிட்டு, பெண்ணோடு இரவு வார்டில் வேலை பார்க்கும் ஆயாம்மாவின் பெயரைப் போடுங்கள். அவர் மறுப்பார், கூச்சப்படுவார். முதல் ஆளாக அவரைப் பேசவிட்டு, பந்தியைத் திறந்துவிடுங்கள்.