பெட்டி பிரிக்காத மாணவன்

அமெரிக்காவில் எந்த மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் இவனைப் பார்க்கலாம். மற்ற பிள்ளைகளெல்லாம் முதல் வாரமே கல்லூரிப் பெயர் போட்ட டி-ஷர்ட் வாங்க வரிசையில் நிற்பார்கள். இவன் எழுத்தே இல்லாத சாம்பல் கலர் சட்டையில் திரிவான். கேட்டால், "அடுத்த வருஷம் எப்படியும் வேற வாங்கணும். எதுக்கு ரெண்டு செலவு?" என்பான். விடுதிச் சுவரில் ஒரு படம் ஒட்டமாட்டான். பெட்டியைப் பிரித்து அலமாரியில் அடுக்கமாட்டான். பொறுத்துப் பார்த்த அறைத்தோழன் ஒருநாள் கேட்டேவிட்டான்: "நீ இங்க படிக்க வந்தியா, ரயிலுக்குக் காத்திருக்கியா?"

பன்னிரண்டாம் வகுப்பில் பெரிய பெரிய கல்லூரிகளாகப் பார்த்து விண்ணப்பித்தான். எல்லா இடத்திலிருந்தும் 'வருந்துகிறோம்' வந்தது. சொந்த மாநிலப் பல்கலைக்கழகம் மட்டும் வா என்றது. உள்ளூர் மாணவன் என்பதால் கட்டணமும் குறைவு. அப்பாவுக்குப் பரம திருப்தி. அம்மா பெருமையோடு காரின் பின்கண்ணாடியில் கல்லூரி ஸ்டிக்கர் ஒட்டப் போனாள். "அம்மா, உரிக்கிறதுக்குச் சுலபமா ஒட்டுங்க" என்றான் பிள்ளை. ஒரு வருஷம் இங்கே படித்துவிட்டுப் பெரிய கல்லூரிக்கு மாறிவிடுவது என்பது அவன் திட்டம்.

இவன் வாயில் எப்போதும் இரண்டு பெயர்கள் இருக்கும். ஒபாமா 1981-இல் ஆக்ஸிடென்டல் கல்லூரியை விட்டுக் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். டிரம்ப் ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வார்ட்டன் வணிகப் பள்ளிக்குத் தாவினார். "ரெண்டு கட்சியிலயும் ஆள் இருக்கு பாருங்க" என்பான். முதலீட்டாளர் வாரன் பஃபெட் பேச்சை மட்டும் எடுக்கமாட்டான். அவர் அதே வார்ட்டனை விட்டுவிட்டு நெப்ராஸ்கா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பட்டம் வாங்கியவர்.

புள்ளிவிவரமும் இவனைக் கலக்காது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 1990-இல் வேறு கல்லூரியிலிருந்து மாறிவருபவர்களுக்குக் கதவைச் சாத்தியது. மறுபடி திறந்தது 2018-இல். அந்த வருஷம் விண்ணப்பித்தவர்கள் 1,429 பேர். இடம் கிடைத்தது 13 பேருக்கு. ராணுவத்தில் இருந்தவர்கள், சமுதாயக் கல்லூரி மாணவர்கள், வசதி குறைந்தவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்துத்தான் கதவையே திறந்தார்கள். இவன் அந்த மூன்றில் எதிலும் சேர்த்தி இல்லை. நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை என்று சொல்லிப் பாருங்கள், "அந்த ஒருத்தன் யாராவது இருக்கணுமில்ல?" என்பான்.

அடுத்தது, விண்ணப்பத்தோடு எழுதவேண்டிய 'ஏன் மாற விரும்புகிறீர்கள்' என்ற கட்டுரை. முதல் வரைவில் உண்மையைக் கொட்டிவிடுவான்: முந்நூறு பேர் உட்காரும் அரங்கு, பேராசிரியருக்கு என் பெயர்கூடத் தெரியாது, பக்கத்தில் இருப்பவன் போனில் கால்பந்து பார்க்கிறான். இருக்கும் கல்லூரியைக் குறை சொல்லக்கூடாது என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னதும், 'இங்கே கிடைத்த வளமான அடித்தளத்தின் மீது' என்று கட்டுரை குழைய ஆரம்பிக்கும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். தன்னை யாருக்கும் தெரியவில்லை என்பதால் போகிறவன், தன்னை நன்றாகத் தெரிந்த இரண்டு பேராசிரியர்களிடம் சிபாரிசுக் கடிதம் வாங்கவேண்டும்!

வேறு வழியில்லாமல் வேதியியல் பேராசிரியரின் அறைக்குப் போகிறான். மாணவர்கள் சந்தேகம் கேட்கவென்றே புதன்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் அவர் கதவைத் திறந்துவைத்துக் காத்திருப்பவர். முந்நூறு பேரில் ஒரு ஈ காக்கைகூட வருவதில்லை. முதல் வாரம் இவன் கேட்டது, பதில் தெரிந்தே தயார் பண்ணிக்கொண்டு போன கேள்வி. மூன்றாவது வாரம் நிஜமாகவே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. ஐந்தாவது வாரம் பேராசிரியர் நாற்காலியில் இருந்த விடைத்தாள் கட்டை எடுத்துக் கீழே வைத்து, "உட்காருப்பா" என்றார்.

சனிக்கிழமை ஊரே அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் இருக்கும். சில மாநிலப் பல்கலைக்கழகங்களின் மைதானங்களில் லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். அந்த லட்சம் பேரின் கூச்சலும் நூலகத்தில் தனியாக இருக்கும் இவன் காதில் விழும். இவனோ அரை மதிப்பெண்ணில் 'ஏ' போய் 'ஏ மைனஸ்' ஆன விடைத்தாளைத் துருவிக்கொண்டிருப்பான்.

மார்ச் மாதக் கெடு நெருங்கும்போது, நடப்புப் பருவ மதிப்பெண் படிவத்தைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு ஆசிரியரிடமும் கையெழுத்துக்கு அலைவான். வேதியியல் பேராசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார்:

"போறியா? இங்க என்ன குறை?"

"பேராசிரியர்களோட நெருங்கிப் பழகுற வாய்ப்பு வேணும், புரொஃபசர்."

"இப்ப எங்க உட்கார்ந்திருக்க?"

பையன் படிவத்தை நீட்டினான். அவரும் கையெழுத்துப் போட்டார்.

இடம் கிடைக்காவிட்டால் அடுத்த வருஷமும் இதே படலம். கிடைத்தாலோ புதுக் கணக்கு. இங்கே படித்த கால்குலஸை ஒப்புக்கொள்வார்கள். மேடைப்பேச்சுப் பாடத்தை ஒப்புக்கொள்ளமாட்டார்கள். பல இடங்களில் விடுதி அறைக்கு உத்தரவாதம் கிடையாது. மாறிவருபவர்களுக்கு உதவித்தொகையும் பெரும்பாலும் குறைவு. அதையெல்லாம் கால்குலேட்டரில் தட்டிப் பார்ப்பவர் அப்பா.

மாற நினைக்கிற பிள்ளைகள் தாராளமாக மாறுங்கள். நல்ல காரணம் உள்ளவர்களுக்கு அதனால் நன்மைதான். ஆனால் புதன்கிழமை மதியம் பேராசிரியர் அறைக்குப் போக விண்ணப்பமும் வேண்டாம், கட்டணமும் இல்லை. சேர்ந்த முதல் வாரத்திலேயே போகலாம்.