பெரிய டாக்டரைப் பார்க்கணுமா?
கேள்வி - பதில்

இந்த வாரக் கேள்விகள் எல்லாமே கோவைப் பக்கம் துடியலூரில் இருந்து காரமடை வரை மேட்டுப்பாளையம் ரோட்டோரத்து வாசகர்களுடையவை. ஆயுசுக்கும் கூடவே வரும் நோய்க்கு ஸ்பெஷலிஸ்ட்டிடம் போனால், கொடுத்த காசுக்குப் பலன் உண்டா என்பதுதான் எல்லோருடைய கவலையும்.

கேள்வி: எனக்குப் பதினொரு வருஷமா சர்க்கரைங்க. உள்ளூர் டாக்டர்கிட்டத்தான் பார்க்கிறேன், 150 ரூபாய் வாங்குவார். டவுன்ல சர்க்கரை ஸ்பெஷலிஸ்ட்டைப் பாருங்கன்னு பையன் சொல்றான். அங்க ஃபீஸே 800 ரூபாயாம். தேவைதானுங்களா? (பெரியநாயக்கன்பாளையம்)

பதில்: எண்ணூறு ரூபாயைப் பிறகு பார்ப்போம் ஐயா. கடைசியாக ஹெச்பிஏ1சி எப்போது எடுத்தீர்கள், எவ்வளவு வந்தது? கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லும் ரத்தப் பரிசோதனை அது. பெரும்பாலோருக்கு 7-க்குக் கீழே இருப்பது நல்லது. வயதானவர்களுக்கும், சர்க்கரை திடீரென இறங்கி மயங்குபவர்களுக்கும் டாக்டர் அதைக் கொஞ்சம் தளர்த்துவார். உங்கள் எண் 7-ஐ ஒட்டி நிற்கிறதா, சிறுநீரில் அல்புமின் இல்லையா, கிரியேட்டினின் சரியாக இருக்கிறதா, கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்ததில் பழுது இல்லையா, நைலான் இழையால் தொட்டால் பாதத்தில் உணர்ச்சி தெரிகிறதா? எல்லாம் சரி என்றால் உங்கள் ஊர் டாக்டர் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறார். அவரை விட்டுப் போகக் காரணமே இல்லை.

பதினொரு வருஷமும் விரலில் குத்திப் பார்த்த எண் மட்டும்தான் சீட்டில் இருக்கிறது என்றால் கதை வேறு. அப்போதும் முதலில் அவரிடமே இந்தச் சோதனைகளை எழுதித் தரச் சொல்லுங்கள். இவற்றுக்கு ஸ்பெஷலிஸ்ட் தேவையில்லை, வருஷம் தவறாமல் செய்ய ஒருவர் நினைவு வைத்திருந்தால் போதும். கண்ணும் சிறுநீரகமும் கெட ஆரம்பிக்கும்போது வலிக்காது. தெரியவரும்போது பாதி போயிருக்கும்.

ஸ்பெஷலிஸ்ட்டிடம் கட்டாயம் போக வேண்டிய நேரங்களும் உண்டு. இரண்டு மூன்று வகை மாத்திரை கொடுத்தும் ஏ1சி இறங்காதபோது, இன்சுலின் தொடங்க வேண்டி வரும்போது, சிறுநீரில் அல்புமின் தெரியும்போது, சர்க்கரை அடிக்கடி இறங்கி வியர்த்துக் கொட்டும்போது, காரணமில்லாமல் இளைக்கும்போது தள்ளிப்போடவே கூடாது. பிரிட்டனில் நடந்த யுகேபிடிஎஸ் என்ற நீண்ட ஆய்வில், ஏ1சி ஒரு புள்ளி குறைந்தவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்ற இடங்களில் நுண்குழாய்ச் சேதம் 37 சதவீதம் குறைவாக இருந்தது. அந்த ஒரு புள்ளியை இறக்க வழி சொல்பவருக்கு எண்ணூறு ரூபாய் அதிகம் இல்லை.

ஸ்பெஷலிஸ்ட்டுக்குத் தரும் பணம் ஒரு முடிவுக்கான பணம். முடிவெடுக்க வேண்டிய கட்டத்தில் யோசிக்காமல் கொடுங்கள். பழைய சீட்டைப் புதுப்பிக்க மட்டும் கொடுக்காதீர்கள். 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் - இண்டியாப் ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு. இத்தனை பேரும் ஸ்பெஷலிஸ்ட் வாசலிலேயே நின்றால், நிஜமாக அவர் தேவைப்படுகிறவருக்கு டோக்கன் கிடைக்காது.

கேள்வி: காத்திருந்தது மூணு மணி நேரம், பார்த்தது அஞ்சு நிமிஷம். இதுக்கு ஆயிரம் ரூபாயா? (நரசிம்மநாயக்கன்பாளையம்)

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. 67 நாடுகளின் கணக்கைத் தொகுத்து 2017-ல் ஓர் ஆய்வு வந்தது. பொது மருத்துவர் ஒரு நோயாளியைப் பார்க்கும் நேரம் சுவீடனில் சராசரி 22 நிமிடத்துக்கு மேல், வங்கதேசத்தில் ஒரு நிமிடம்கூட இல்லை. இந்தியா இரண்டு நிமிடத்தை ஒட்டி நின்றது. உங்களுக்குக் கிடைத்த ஐந்து நிமிடத்தில் பெரும்பகுதி எங்கே போயிருக்கும்? பையில் ரிப்போர்ட் தேடியதில் இரண்டு, "அந்த வெள்ளை மாத்திரை, பேரு ஞாபகமில்லைங்க" என்பதில் ஒன்று.

அடுத்த முறை அரைத்தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மேலே மாத்திரைகளின் பெயரும் அளவும், நடுவில் வீட்டில் எடுத்த பிரஷர், சர்க்கரை அளவுகள் தேதியோடு, கீழே உங்கள் கேள்விகள். மூன்று கேள்விக்கு மேல் வேண்டாம். தாளை டாக்டரின் கையிலேயே கொடுங்கள். படிக்க அவருக்கு அரை நிமிடம் போதும், மீதி நேரம் முழுக்க உங்களுக்கு.

கேள்வி: வயது 38. காலையில் எழுந்தால் இரண்டு கை விரல்களும் மடக்க முடியாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்துக்கொள்கின்றன. நான்கு மாதமாக எண்ணெய் போட்டுப் பார்த்தேன். ஓர் ஊசி போட்டார்கள், பத்து நாள் அருமையாக இருந்தது. திரும்ப வந்துவிட்டது. ஸ்பெஷலிஸ்ட் செலவு கட்டுப்படியாகுமா என்று யோசிக்கிறேன். (ஜோதிபுரம்)

பதில்: யோசிக்காதீர்கள் அம்மா, இந்த வாரமே போங்கள். எலும்பு டாக்டரிடம் இல்லை. ருமட்டாலஜிஸ்ட் எனப்படும் மூட்டுவாத நிபுணரிடம்.

நீங்கள் சொல்வது ருமட்டாய்டு மூட்டுவாதமாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனையோடு கையைத் தொட்டுப் பார்த்துத்தான் அவர் உறுதி செய்வார். அதுவாக இருந்தால், தொடங்கிய முதல் சில மாதங்கள்தான் பொன்னான காலம். அதற்குள் சரியான மருந்து உள்ளே போனால் மூட்டு பிழைக்கும். தவறவிட்டால் விரல் கோணும். கோணிய விரலை எந்த மருந்தும் நேராக்காது. பத்து நாள் சுகம் தந்த ஊசி பெரும்பாலும் ஸ்டீராய்டாக இருக்கும். அது வீக்கத்தை அமுக்கும். ஆனால் மூட்டை நீண்ட நாள் காக்கிற மருந்துகள் வேறு.

பெரும்பாலோருக்கு முதலில் தரும் மருந்தான மெத்தோட்ரெக்சேட் விலை குறைந்த பழைய மாத்திரை. அப்புறம் ஸ்பெஷலிஸ்ட் எதற்கு என்றால், அதை யாருக்கு, எவ்வளவு, எப்படி ஏற்றுவது என்பதற்கு. வாரத்துக்கு ஒரே நாள்தான் அதைச் சாப்பிட வேண்டும். தெரியாமல் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். ரத்த அணுக்களையும் கல்லீரலையும் இடையிடையே பரிசோதிப்பார்கள். குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இந்த மருந்து அப்போது ஆகாது. கடன் வாங்கியாவது முதல் சந்திப்பை முடியுங்கள் என்று நான் சொல்வது மிகச் சில நோய்களுக்குத்தான். அதில் இது ஒன்று.

கேள்வி: ஸ்பெஷலிஸ்ட் மாசாமாசம் வரச் சொல்றார். போனா "அப்படியே கன்டினியூ பண்ணுங்க"ங்கிறார். (வீரபாண்டி பிரிவு)

பதில்: அவரிடமே நேராகக் கேளுங்கள்: "மருந்து மாறலைன்னா, இடையில எங்க ஊர் டாக்டர்கிட்டப் பார்த்துக்கலாங்களா? எந்த அளவு தாண்டினா உங்ககிட்ட வரணும்?" நல்ல டாக்டர் அந்த அளவை எழுதியே தருவார். முகம் சுளித்தால் அதுவும் உங்களுக்கு ஒரு தகவல்தான்.

கேள்வி: ஸ்பின்னிங் மில்லில் புளோ ரூமில் பதினெட்டு வருஷம். வார லீவு முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாள் நெஞ்சு இறுக்கும், இருமல் வரும். இரண்டு நாளில் சரியாகும். ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்கள். நெஞ்சு டாக்டருக்குச் செலவழிக்கலாமா? (கூடலூர் கவுண்டம்பாளையம்)

பதில்: தம்பி, கையிலிருந்து செலவழிக்கும் முன் உங்கள் சம்பளச் சீட்டைப் பாருங்கள். ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்கு 0.75 சதவீதம் பிடித்தம் போகிறதா? உங்கள் முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இதில் வருகிறார்கள். ஸ்பெஷலிஸ்ட் ஃபீஸை மாதாமாதம் ஏற்கெனவே கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். உங்கள் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் சீட்டு வாங்கி சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போங்கள்.

போய் "மூச்சுத் திணறல்" என்று மட்டும் சொல்லாதீர்கள். புளோ ரூம், பதினெட்டு வருஷம், லீவு முடிந்த முதல் நாள்: இந்த மூன்றையும் சொல்லுங்கள். பேல் பிரித்துப் பஞ்சை உதறுகிற இடத்தில் தூசி அதிகம். அதைச் சுவாசிப்பவர்களுக்கு வரும் பிசினோசிஸ் என்ற நோயின் அடையாளமே இந்த முதல் நாள் இறுக்கம்தான். ஷிப்ட்டுக்கு முன்னும் பின்னும் ஸ்பைரோமெட்ரி ஊதிப் பார்த்தால் வித்தியாசம் தெரியக்கூடும். ஆரம்பத்தில் பிடித்து, தூசியிலிருந்து வேறு டிபார்ட்மென்ட்டுக்கு மாறினால் நிலைமை திரும்பும். விட்டால் நுரையீரல் நிரந்தரமாகப் பழுதாகும். ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் தொழில்நோய் அட்டவணையில் பிசினோசிஸ் இருக்கிறது. அப்படி உறுதியானால் வேலையில் அடிபட்டதைப் போலவே இழப்பீட்டுக்கு உரிமை உண்டு. 1888-ல் கோவையில் ஸ்டேன்ஸ் மில் தொடங்கியதிலிருந்து பஞ்சோடு வாழும் ஊர் இது. இங்கே இன்னமும் இதை வெறும் ஆஸ்துமா என்று எழுதி அனுப்புவது எனக்கு மிகுந்த வருத்தம்.

கேள்வி: முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கு. ஸ்பெஷலிஸ்ட் ஃபீஸுக்கு ஆகுமா? (காரமடை)

பதில்: ஆகாது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு 5 லட்சம் வரை தரும் அந்தத் திட்டம், ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்யும் சிகிச்சைகளுக்கும் டயாலிசிஸ் போன்றவற்றுக்கும்தான். வெளிநோயாளிக் கட்டணமும் மாத மருந்தும் கையிலிருந்துதான் போகும். நாள்பட்ட நோய் குடும்பத்தைக் கரைப்பதும் அந்த வழியில்தான்.

கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்க ஃபீஸ் கிடையாது. மேட்டுப்பாளையம் ரயிலில் காரமடையில் ஏறி கோவை ஜங்ஷனில் இறங்கினால், திருச்சி ரோட்டில் பக்கத்திலேயே இருக்கிறது. கூட்டம் இருக்கும், அரை நாள் சம்பளம் போகும். அதையும் செலவில் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். தினக்கூலிக்காரருக்குச் சில நேரம் உள்ளூரில் 300 ரூபாய் கொடுப்பதே மிச்சம்.

கேள்வி: அப்பாவுக்கு இதயம், சிறுநீரகம், சர்க்கரை, முட்டி என்று நான்கு டாக்டர்கள். மொத்தம் பதிமூன்று மாத்திரை. ஐந்தாவதாக ஒருவரைப் பார்க்கலாமா? (துடியலூர்)

பதில்: ஐந்தாவது ஆள் வேண்டியதுதான், ஆனால் ஸ்பெஷலிஸ்ட் அல்ல. ஒரு நல்ல பொது மருத்துவர். வீட்டிலிருக்கும் அத்தனை அட்டைகளையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப்போய் அவர் மேஜையில் கொட்டுங்கள். இரண்டு அட்டையில் வேறு வேறு கம்பெனிப் பெயர் இருக்கும். பின்பக்கம் சின்ன எழுத்தில் இரண்டிலும் டெல்மிசார்டன் என்றே இருக்கும். பிரஷருக்கு இதய டாக்டர் ஒன்று, சிறுநீரக டாக்டர் ஒன்று எழுதியிருப்பார்கள். முட்டி வலிக்குக் கொடுத்த டைக்ளோபெனாக், சிறுநீரக டாக்டர் காப்பாற்றப் போராடும் அதே சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கும். நான்கு பேரும் கெட்டிக்காரர்களாக இருக்கலாம், நான்கு சீட்டையும் சேர்த்துப் பார்க்க ஒருவர் வேண்டும். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது. "எனக்கெதுக்கு சாமி தண்டச் செலவு" என்று வரமாட்டேன் என்கிறார். (நாயக்கன்பாளையம்)

பதில்: காசு மிச்சமாகும் என்றே சொல்லி அழைத்துப் போங்கள், அது உண்மையும்கூட. பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மா பெயரைப் பதியுங்கள். அம்மாவுக்கு மருத்துவக் காப்பீடு இல்லை, நீங்கள் பழைய முறையில் வருமான வரி கட்டுகிறீர்கள் என்றால், அவருக்காகச் செலவழிக்கும் தொகையில் ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை கழிவு உண்டு. ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது, பில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வேறொரு டாக்டரிடம் கருத்துக் கேட்டால் பழையவர் கோபித்துக்கொள்வாரே? (பெரியநாயக்கன்பாளையம்)

பதில்: ஆபரேஷன், ஆயுள் முழுக்க மருந்து என்று சொன்னால் இரண்டாவது கருத்து கேட்பது உங்கள் உரிமை. எல்லாச் சோதனையையும் மறுபடி எடுக்காமல் இருக்கப் பழைய ரிப்போர்ட் வேண்டும். 2002-ம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். எழுத்தில் கேளுங்கள், கொடுத்ததற்கு ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.