வல்வைச் சில்லியல்: காருக்கு ஆலோசனை கூறும் மரபு பற்றிய ஓர் ஆராய்ச்சி

வல்வை எனச் சுருக்கி வழங்கப்படும் வல்வெட்டித்துறையில் ஒரு காரின் பொனற் திறக்கப்படுவதற்கும் மூடப்படுவதற்கும் இடைப்பட்ட பொழுதில், அக்காருக்கு உரித்தில்லாத ஒருவர் கேளாமலே வழங்கும் கூற்று ‘ஆலோசனை’ எனப்படும். கேட்டபின் வழங்கப்படுவது வெறும் பதில் ஆதலாலும், காசு வாங்கிக்கொண்டு வழங்கப்படுவது மெக்கானிக்கின் தொழில் ஆதலாலும், அவ்விரண்டும் இவ்வாராய்ச்சிக்குப் புறம்பானவை. ஆய்வுப் பரப்பு மேற்கே தொண்டைமானாறு, கிழக்கே பொலிகண்டி, தெற்கே உடுப்பிட்டி என வரையறுக்கப்பட்டுள்ளது. வடக்கே கடல் கிடப்பதால் அத்திசையிலிருந்து ஆலோசனை வருவதற்கில்லை என்று முதலில் கொள்ளப்பட்டது. ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் இலண்டனிலும் குடியேறிய வல்வையார் கைபேசியில் குரற்பதிவு அனுப்பத் தொடங்கியதும் அக்கொள்கை கைவிடப்பட்டது.

இத்துறையில் இதற்கு முன் எவரும் ஆராயாதது பெருங்குறை. முன்னோர் எழுதியவை யாவும் பிழையென்று முதலாம் இயலில் நிறுவிவிட்டு, இரண்டாம் இயல் முதல் அவற்றையே எடுத்தெழுதும் பல்கலைக்கழக மரபை இங்கே பின்பற்ற வழியில்லாமற் போயிற்று.

ஆலோசனை ஏழு வகைப்படும். ஒயில் பற்றியது: கறுத்தால் மாற்று. பற்றரி பற்றியது: தண்ணீரைப் பார். றேடியேற்றர் பற்றியது: சூடாயிருக்கையில் மூடியைத் திறவாதே, இதைக் கூறுவோர் அனைவரின் வலக்கையிலும் தழும்பு உண்டு. பிறேக் பற்றி ஆலோசனை எதுவும் பதிவாகவில்லை. ஹோர்ன் நன்றாயிருந்தால் போதும் என்பது பொதுக் கருத்து. காரை விற்றுவிடச் சொல்வது ஐந்தாம் வகை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் கார்களுக்கு மீண்டும் வழி திறக்கும் வரை பழைய இரும்புக்கும் பொன் விலை ஏறியதால், இவ்வகை ஏறத்தாழ அழிந்தது. எஞ்சிய இரண்டாகிய ரயரும் துருவும் கடலளவினவாதலால் அவை பின்னர் விரித்துரைக்கப்படும்.

இம்மரபின் மூலநூல் மொரிஸ் மைனர்க் காருடன் வந்த உரிமையாளர் கையேடு ஆகும். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்து, 1971 வரை உற்பத்தியான இக்காரும், அதன் ஒன்றுவிட்ட சகோதரமாகிய ஒஸ்ரின் ஏ-40 காரும் யாழ்ப்பாணத்து வீதிகளில் இன்றும் ஓடுவதை எவரும் காணலாம். கார் நிலைத்த அளவுக்குக் கையேடு நிலைக்கவில்லை. பழைய சுவடிகளைக் கறையான் அரித்தது போலக் கையேடுகளை ஒயில் அரித்துவிட்டமையால், எஞ்சிய பக்கங்களிற் பாடபேதங்கள் மலிந்துள்ளன.

அவற்றுள் தலையாயது காற்றழுத்தச் சிக்கல். முன் ரயருக்குச் சதுர அங்குலத்துக்கு 22 இறாத்தல் காற்று என்பது மூலபாடம். ஆனால் முதலாம் இலக்கத்தின் வயிற்றில் ஓர் ஒயிற் பொட்டு விழுந்த பிரதியொன்றில் அது 32 எனத் தோற்றமளிக்க, அதனைக் கண்டோர் ஒரு தனிப் பள்ளியாகப் பிரிந்தனர். 22ஆம் பள்ளியினர், பழைய ரயருக்குக் காற்றுக் குறைவாக இருந்தாற்றான் பள்ளம் திட்டிகளில் இடுப்பு நோகாது என்பர் (வாய்மொழி, சந்தி). 32ஆம் பள்ளியினர், இப்போது கிடைப்பவை புதுவகை ரயர்கள் என்றும், குறைந்த காற்றில் ஓடினால் ஓரங்கள் தேய்ந்து நடு மட்டும் புதிதாக நிற்கும் என்றும் மறுப்பர் (வாய்மொழி, அதே சந்தி, தேநீருக்கு முன்). கூடுதற் காற்றில் நடுப்பகுதியே முதலில் தேயும் என்ற உண்மையை இரு சாராரும் அறிவர். அதனாற் சமரசவாதிகள் முன்னுக்கு 22உம் பின்னுக்கு 32உம் அடித்து, காரை எப்போதும் இறக்கத்தில் ஓடுவது போல் வைத்திருக்கின்றனர். இருபத்தேழே சரியென்று கண்ட ஒருவர், இரண்டையும் கூட்டி வகுத்தேன் என்று முறையியலையும் வெளிப்படையாகக் கூறினார் (வாய்மொழி, தேநீர்க் கடை, இரண்டாம் தேநீர், அதே கருத்து மூன்றாம் தேநீரில் அவராலேயே மறுக்கப்பட்டது). காற்றடிக்கும் கடையின் அளவுமானி பழுது என்பதை இவர்களுள் எவரும் கருத்தில் எடுத்ததாகத் தெரியவில்லை. கல்வெட்டை நேரிற் பாராமலே அதன் காலத்தை முப்பது ஆண்டு முன்தள்ளியும் பின்தள்ளியும் வாழ்நாள் முழுதும் பொருதும் பேராசிரியர்கள் உள்ள உலகில், இது குற்றமாகாது.

மரபின் பொற்காலம் 1990இற் போர் மீண்டும் மூண்டபின் வந்த மண்ணெண்ணெய்க் காலமாகும். வடக்கிற்குப் பெற்றோலும் பற்றரியும் கொண்டுவரத் தடை விதிக்கப்பட்டமையால், யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கார்கள் விளக்கெரிக்கும் எண்ணெயில் ஓடக் கற்றுக்கொண்டன. இங்கே ஆய்வாளர் சிறிது பணிவுடன் எழுத வேண்டியுள்ளது. ஏனெனில் அக்கால ஆலோசனைகள் சரியானவை. பெற்றோல் கடுங்குளிரிலும் ஆவியாகித் தீப்பற்றும். மண்ணெண்ணெயோ ஏறத்தாழ 38 பாகை செல்சியசுக்குக் கீழே பற்றக்கூடிய அளவுக்கு ஆவி தருவதில்லை. ஆகவே ஆறிக் கிடக்கும் எஞ்சினுக்குச் சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றரின் வாயில் ஊற்றி ஸ்ராட் செய்து, எஞ்சின் சுட்டபின் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அமுக்கவிகிதம், அதாவது கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்ற கணக்கு, குறைந்த பழைய ஆங்கிலேய எஞ்சின்கள் இதனைத் தாங்கின; அது கூடிய புதிய எஞ்சின்கள் தட்டித் தட்டி ஓய்ந்தன. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டனின் வளையங்களைத் தாண்டிக் கீழிறங்கி ஒயிலைத் தண்ணீராக்குமாதலால், ஒயிலை அடிக்கடி மாற்று என்ற விதியும் அக்காலத்ததே. இன்று கறுத்தால் மாற்று என்று ஒற்றைச் சொல்லாகச் சுருங்கி நிற்பது அந்நூற்பாவின் எச்சமேயாகும். எத்தனை துளி என்பதில் மட்டும் கருத்தொற்றுமை இல்லை: ஐந்து என்பாரும், ஒரு மூடி என்பாரும், ‘அதுக்குத் தெரியும்’ என்று காரையே சான்றாகக் காட்டுவாரும் உளர் (வாய்மொழி, ஓடும் காரின் பின் இருக்கை, இடப்பக்கம், கண்ணாடி இறங்கிய நிலை, இறுதிச் சொல் எதிர்க்காற்றிற் சிதைந்தமையால் ‘சில்லுக்குத் தெரியும்’ என்றும் ஓதலாம்).

இனிக் குளிர்காலம். இவ்வதிகாரம் நீண்டதற்கு ஆய்வாளர் பொறுப்பல்லர். தரவு அத்தனை குவிந்துள்ளது. குளிர்கால ரயர் என்பது, வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே இறங்கும்போது சாதாரண இறப்பர் கட்டையாய் இறுகிவிட, தான் மட்டும் இளகியே இருக்குமாறு கலவை செய்யப்பட்டு, மேற்பரப்பிற் கத்தியாற் கீறினாற்போல் நுண்ணிய வெட்டுகள் கொண்ட ரயர் ஆகும். அவ்வெட்டுகள் பனியைக் கவ்வும். வல்வெட்டித்துறையில் மார்கழி இரவிலும் வெப்பநிலை 20 பாகையை அண்டியே நிற்கும். கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போவோர் இதை நம்ப மாட்டார்களாயினும் உண்மை இதுவே. இந்நிலையில் ஒவ்வோர் ஐப்பசியும் கடல்தாண்டி வரும் வினா ஒன்றே: ‘தம்பி, வின்ரர் ரயர் போட்டிட்டியோ?’ ‘இஞ்சை மழைதான் அண்ணை’ என்ற மறுமொழி ஆவணங்களில் உள்ளது; ஆனால் அதனைக் கேட்டுக்கொண்டதற்கான சான்று இல்லை (குரற்பதிவு, ரொறன்ரோ, இரவு வேலை முடிந்து திரும்பும் வழி; இடையிற் கோப்பிக் கடையில் ஓடர் கொடுக்கும் பகுதியும், பின்னால் வந்த லொறிக்காரனை விளிக்கும் பகுதியும் ஆய்வுக்கு உரியனவல்ல எனினும் மூலத்தின் முழுமை கருதிப் பேணப்பட்டுள்ளன).

ரயரை எப்போது மாற்றுவது என்பதே இவ்வதிகாரத்தின் கருவூலம். கியூபெக் மாகாணச் சட்டம் டிசெம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால ரயரைக் கட்டாயமாக்குகிறது. தமிழ் நாட்காட்டிக்குப் பெயர்த்தால் இது கார்த்திகை நடுவிலிருந்து பங்குனி பிறக்கும் வரை ஆகிறது. மார்கழியிற் புதுக்காரியம் தொடங்கக்கூடாதென்ற நம் விதிக்கு முரணாகாமல் கார்த்திகையிலேயே மாற்றிவிட அச்சட்டம் வழி செய்திருப்பதைக் காணும்போது, அதை இயற்றியோருள் ஒருவராவது வல்வை அடங்கிய வடமராட்சியைச் சேர்ந்தவராய் இருந்திருக்கக்கூடும் என்ற ஐயம் எழுவது இயல்பு. இதனினும் வியப்புக்குரியது நோர்வே நாட்டு வழக்கு. அந்நாட்டின் தென்பகுதியில் ஆணி பதித்த ரயர்களை, அதாவது உறைபனியைக் குத்திப் பிடிக்க உலோக முளைகள் கொண்டவற்றை, பொதுவாக நவம்பர் 1 முதல் ஈஸ்ரர்த் திங்களுக்கு அடுத்த ஞாயிறு வரையே ஓட்டலாம். ஈஸ்ரரோ மார்ச் 21இலோ அதன் பின்னோ வரும் முதற் பூரணையைப் பார்த்துக் கணிக்கப்படுவது. ஆகவே ஒஸ்லோவில் ஒருவர் ரயர் கழற்றும் நாளை நிலவு தீர்மானிக்கிறது; வல்வை முத்துமாரியம்மன் கோயிலின் தீர்த்தத்தோடு ஊரெல்லாம் இந்திரவிழாக் கொண்டாடும் நாளையும் சித்திராப் பூரணை தீர்மானிக்கிறது. இரண்டும் ஒரே பூரணையில் தோன்றிய ஒரே ஆதிச் சடங்கின் இரு கிளைகள் என்றும், ஆதியில் இந்திரனுக்குச் சில்லு கழற்றிப் படைக்கும் வழக்கமொன்று இருந்திருக்க வேண்டும் என்றும் நிறுவ இனி ஒரு முனைவர் பட்டத்துக்கான உழைப்பே தேவை. வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணிதப் பஞ்சாங்கம் எனும் இரண்டில் எதன்படி ரயர் கழற்றுவது என்ற வினாவுக்கு நோர்வே வீதிப் போக்குவரத்துத் துறையின் விதிகளில் விடை காணப்படவில்லை. இது அவற்றின் குறைபாடே.

வல்வையார் குளிர்காலம் அறியாதோர் என்று சிலர் இழிப்பர். இவ்வூரிற் கட்டப்பட்ட அன்னபூரணிக் கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்கிப் ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’ என்று பெயர் மாற்றியபின், இவ்வூர் மாலுமிகளே அதனைப் பாய்விரித்து ஓட்டிச் சென்று மசாசூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர்த் துறையிற் சேர்த்தமை அவ்வாதத்துக்குத் தக்க மறுப்பாகும். எனினும் கப்பல் போய்ச் சேர்ந்தது 1938 ஆகஸ்டில், அதாவது அங்கே நல்ல கோடையில், என்பதால் மறுப்பு சற்றே வலுவிழக்கிறது. அடிக்குறிப்பில் மறைத்துவிட வேண்டிய இச்செய்தி தவறி மேலே வந்துவிட்டது.

துரு அதிகாரத்தில் மட்டும் கடல்தாண்டிய ஆலோசனை கரையேறிப் பயன் தருகிறது. ரொறன்ரோவிற் பனியை உருக்க வீதியெங்கும் உப்பைக் கொட்டுவர். அது காரின் அடியைத் தின்னும். அதனால் அங்குள்ளோர் இலையுதிர் காலத்திற் காரின் அடியில் எண்ணெய் தெளிப்பிப்பர். வல்வெட்டித்துறையில் அவ்வேலையை எந்த நகரசபையும் செய்ய வேண்டியதில்லை. கடற்கரை வீதியிற் காரை நிறுத்திவைத்தால் கடலே உப்பைக் கொண்டுவந்து அப்பும். மட்காட்டின் உட்புறத்தை விரலாற் சுரண்டினால், பெயின்றின் கீழே தகடு பப்படம் போல் பொருமியிருப்பதையும், தட்டியதும் செந்தூளாய் உதிர்வதையும் காணலாம். இதற்குக் கப்பற் பள்ளியினர் கூறும் மருந்து, மரக்கலத்தின் அடிப்பலகைக்குப் பூசுவது போல மீனெண்ணெய் பூசுதல். காற்றும் ஈரமும் இரும்பைத் தொடாமல் எண்ணெய்ப் படலம் தடுக்கும் என்பதால் கொள்கையளவில் இது கனடாவின் முறையேதான். வேறுபாடு மணத்தில் மட்டுமே.

அம்மணத்தாற் பூனைகள் வரும். பூனைச் சிக்கலுக்கு மூன்று தீர்வுகள் முன்வைக்கப்பட்டுள்ளன: வேகமாக ஓட்டுதல், நாய் வளர்த்தல், வேறொருவர் காருக்கும் பூசி அவற்றைப் பிரித்தல். மூன்றாவது பெருவழக்காய்ப் பரவினால் ஊரிற் பூசாத காரே இராது என்பதால், இதனையே தலைசிறந்த பொதுநல ஆலோசனை என்பர் (வாய்மொழி, காருக்கு அடியில் மல்லாந்த நிலை, வாயில் ஸ்பானர், அருகிலிருந்த சிறுவன் மொழிபெயர்த்தவாறு).

எஞ்சியிருப்பது உண்மையான குளிர்காலமாகிய மாரி. ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ்ப் பருவமழை கொட்டும்போது, ஆண்டு முழுதும் ஓடும் ஆறென்று ஒன்றில்லாத குடாநாட்டில் தண்ணீர் வீதியையே ஆறாக்கும். தொண்டைமானாறும் பெயரளவில்தான் ஆறு, உண்மையிற் கடல்நீரேரி. மொட்டை ரயர் அத்தண்ணீரை வெட்டி ஒதுக்க இயலாமல் அதன்மேல் மிதக்கும். அப்போது ஸ்ரேறிங் கையில் இருப்பது அலங்காரத்துக்கே. பிரித்தானியாவிலிருந்து விடுமுறைக்கு வருவோர் இருபது பென்ஸ் நாணயத்தை ரயரின் வெட்டில் நிறுத்தி, ஓர விளிம்பு வெளியே தெரிந்தால் ரயரை மாற்று என்பர். அங்கே சட்டப்படி 1.6 மில்லிமீற்றர் ஆழம் வேண்டும். ஊரவர் இச்சோதனையை வெள்ளம் வடிந்தபின் செய்வதற்கு ஒத்திவைப்பதே வழக்கம்.

தப்பித்தவறிக் குளிர்கால ரயர் ஒன்று கொள்கலனில் வந்துசேர்ந்தால் என் செய்வது என்பதற்கும் மரபில் விதியுண்டு. நம் வெயிலில் இளகிய இறப்பர் விரைவில் தேய்ந்து, பிறேக் பிடிக்கும்போது கூடுதல் தூரம் இழுபடுமாதலால், அதனைக் காரில் பூட்டலாகாது. வள்ளத்தின் விலாவிற் கயிற்றாற் கட்டித் தொங்கவிட வேண்டும். ஜெற்றியில் மோதும்போது அதைப்போல் மெத்தென்று தாங்குவது வேறில்லை என்று கடற்றொழிலாளர் ஒருமுகமாய்க் கூறுகின்றனர். காற்று 22ஆ 32ஆ என்று அவர்களிடமும் கேட்கப்பட்டது. ரியூப் இல்லாமலே கட்டியிருப்பதாகத் தெரிவித்தனர்.