14ஆம் நாள் எல்லோருக்கும் பொதுவா?

கேள்வி: எனக்கு மாதவிலக்கு 35 நாளுக்கு ஒருமுறை வருகிறது. "14ஆம் நாளைத் தவறவிடாதே" என்கிறார் நாத்தனார். அப்படியே செய்தும் குழந்தை தங்கவில்லையே?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: நாத்தனாரின் அக்கறை உங்களுக்கானது, அவர் சொன்ன கணக்கு 28 நாள் சுழற்சிக்காரருக்கானது!

முன்னாலிருந்து எண்ணாதீர்கள், பின்னாலிருந்து எண்ணுங்கள். அடுத்த மாதவிலக்குக்கு ஏறக்குறைய 14 நாள் முன்புதான் கருமுட்டை வெளியாகும். ஜப்பானிய மருத்துவர் கியூசாகு ஓகினோ 1920களிலேயே இப்படித்தான் எண்ணினார். 35இல் 14 போனால் 21. உங்கள் நாள் அதையொட்டி வரும். ஓரிரு நாள் முன்பின் ஆகலாம்.

கருமுட்டைக்கு ஆயுள் 12 முதல் 24 மணி நேரம்தான். விந்தணுவோ 5 நாள் வரை உயிரோடிருக்கும். மாப்பிள்ளை வீட்டார் முகூர்த்தத்துக்கு முன்பே மண்டபம் சேர்வதுதானே நல்லது? ஆகவே ஒரே நாளை நம்பாமல், 16 முதல் 21 வரை ஒன்றுவிட்டு ஒரு நாள் சேர்ந்திருங்கள்.

உடலும் குறிப்பு தரும். வெள்ளைப்படுதல் தெளிவாக, வழுவழுப்பாக, இழுத்தால் நீள்வதாக மாறினால் நாள் நெருங்கிவிட்டது. மருந்துக்கடையில் கிடைக்கும், முட்டை வெளியாகும் நாளைக் கணிக்க உதவும் எல்.எச். கிட்டில் பாசிட்டிவ் வந்தால், அடுத்த ஒன்றரை நாளுக்குள் முட்டை வெளிவர வாய்ப்பு அதிகம். காலை உடல்சூடு கூடுவது முட்டை வெளியான பிறகுதான். அதற்காகக் காத்திருந்தால் தாமதமாகிவிடும்.

ஓராண்டு முயன்றும் பலனில்லையென்றால், 35 வயது தாண்டியவர் ஆறே மாதத்தில், மருத்துவரைப் பாருங்கள். கணவரையும் கூட்டிப் போங்கள். பரிசோதனை இருவருக்கும்தான்; பழி இருவருக்குமே இல்லை.